அடித்தண்ணீர்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தை 1939, 1979, 2019 என நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை இறைத்து வற்றச் செய்திருக்கிறார்கள். நீராழி மண்டபத்தின் அடியில் சயனித்திருக்கும் அத்திவரதரை வெளியே எழுந்தருளப் பண்ண வேறு வழி கிடையாது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த தரிசனத்தைப் பற்றி எழுதியவர்கள் அநேகம் பேர். என் கவனம் அதற்கு முந்தைய வேலையில், தண்ணீரை வெளியேற்றியதில் இருக்கிறது. படகின் அடியில் சேரும் கசிவுநீரை இறைக்கும் சின்ன மின்பம்பு ஏன் தேய்கிறது, தேய்ந்தால் எப்படி மாற்றுவது, அந்தப் பம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், கடலே இல்லாத இந்த ஊரின் குளத்தருகே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் தடயம் சொல்லிலேயே கிடைக்கிறது. தானாக இறங்கும் நீர் வடிகிறது. தூக்கி வெளியேற்ற வேண்டிய நீரை இறைக்கிறோம். சோற்றுக் கஞ்சியை வடிக்கலாம், கிணற்றை வடிக்க முடியாது. வாரி இறைத்தான் என்று காசைப் பற்றியும் சொல்கிறோம். அள்ளுவதும் வீசுவதுமான கையின் அசைவு அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. குளமும் படகும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: இரண்டிலும் தண்ணீர் கிடப்பது மிகத் தாழ்ந்த இடத்தில், அதற்குக் கீழே வடிய இடமில்லை. கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, மரங்களுக்கு இடையே ஏறிய அலை அப்படியே இறங்கிவிடும். பள்ளமான வயிறு உள்ள வள்ளம் வந்த அன்றே இறைக்கும் வேலையும் வந்திருக்க வேண்டும்.

கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஓர் உயரத்துக்கென்று பிறந்தது. ஆழமில்லாத வாய்க்காலுக்கு இருவர் வீசும் இறைகூடை, கிணற்றுக்கு ஏற்றம், அதைவிட ஆழமான கிணற்றுக்கு மாடு பூட்டிய கவலை. மேலே நின்று உறிஞ்சும் பம்புக்கும் எல்லை உண்டு: காற்றழுத்தம் தாங்குவது கணக்கில் சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிது. 1851இல் லண்டன் கண்காட்சியில் ஜான் ஆப்போல்ட் வளைந்த இதழ்கள் கொண்ட சுழல்பம்பைக் காட்டினார். அந்தப் பம்பு இங்கிலாந்தின் விட்டில்சீ ஏரியை வற்றச் செய்யப் போனது. அங்கும் முதலில் கால்வாய் வெட்டி வடித்தார்கள். வடியாமல் நின்றதைத்தான் பம்பு இறைத்தது. அந்த ஏரிப் படுகையிலும் 1850இல் பழைய மடாலயத்தின் வெள்ளித் தூபக்கலம் ஒன்று கிடைத்தது என்பதைக் காஞ்சிக்காரர்கள் வியப்போடு கேட்பார்கள். பிறகு 1947இல் சுவீடனில் சிக்ஸ்டன் எங்லெசன் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கிச் சகதி நீரை இறைக்க வைத்தார். படகின் அடியில் மூழ்கிக் கிடக்கும் 12 வோல்ட் பம்பும் இதே யோசனையில் பிறந்த தம்பிதான்.

இங்கே என் வாதத்துக்கு வருகிறேன். பம்பைத் தேய்ப்பது அது இறைக்கும் பெருந்தண்ணீர் அல்ல, கடைசியில் மிஞ்சும் அடித்தண்ணீர்; அதைக் கைக்கு விட்டுவிட வேண்டும். நீர் நிறைந்திருக்கும்வரை அதுவே மோட்டாரைக் குளிர்விக்கிறது, அச்சின் சீலுக்கு வழவழப்பும் தருகிறது. மட்டம் பம்பின் அடியிலுள்ள வலைக்கூட்டின் வாய்க்கு இறங்கியதும் காற்று புகுகிறது. சுழல்பம்பு காற்றை இழுக்காது, சும்மா சுழன்று சூடேறும். மிஞ்சிய நீரில் மணலும் செதிலும் நைலான் நூலும் செறிந்திருக்கும். சீலை அறுப்பதும் இதழை அரிப்பதும் அவையே. பம்பு நின்றதும் குழாயில் நின்ற நீர் திரும்பி இறங்கும், நீர் உயர்ந்தால் பம்பை ஓட்டும் மிதவை சுவிட்ச் மறுபடி எழும், பம்பு மறுபடி ஓடும். இப்படி இரவெல்லாம் ஒரே குடம் தண்ணீரை ஏற்றி இறக்கியே பம்பு மாளும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான். மணிக்கு இத்தனை லிட்டர் என்று மேலே அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உயரமே இல்லாத நிலைக்கான கணக்கு. உள்ளே வரிவரியாக மடிப்புள்ள குழாயும் பக்கப்பலகையின் உயரமும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஒயர் இணைப்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்காவிட்டால் உப்புநீர் செம்பைப் பச்சையாக்கி, பம்பு பழுது என்று நம்மை நம்பவைக்கும்.

அடி மட்டும் வழிக்கும் பம்புகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. காற்றோடு ஓடினாலும் கெடாத டயஃப்ரம் பம்பு சமதளத்தில் விரற்கடை நீரையும் எடுக்கும். ஆனால் அதன் வால்வில் ஒரு நூல் சிக்கினால் போதும், வேலை நின்றுவிடும். படகின் அடி சமதளமும் அல்ல, விலாச்சட்டங்களுக்கு நடுவே தனித்தனிக் குட்டைகள் நிற்கும். கையைப் புகழ்வது பழைய உழைப்பின் கொடுமையை மறப்பதாகாதா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஏற்றமரத்தின் மேல் ஆள் நடந்து நடந்து இறைத்த காலத்தை நான் திரும்ப அழைக்கவில்லை. பெருந்தண்ணீர் மோட்டாருக்கே உரியது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. மோட்டாரை நிறுத்த வேண்டிய மட்டம் ஒன்று உண்டு என்பதைத்தான் சொல்கிறேன். கிணறு தூர்வாருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: மோட்டார் ஒரு மட்டம்வரை, அதற்குக் கீழே சட்டியும் கயிறும். குளத்துச் சேற்றிலும் அப்படித்தான், மீனைப் பிடிப்பதும் கல்லைக் கழுவுவதும் கைகள்தான்.

ஆகவே புதிய பம்பைப் பொருத்தும்போது மிதவை சுவிட்சைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும், இதழ் காயுமுன் பம்பு நிற்கும்படி. அதற்குக் கீழே மிஞ்சும் நாலு விரல் தண்ணீருக்கு, வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று படகிலேயே கிடக்கட்டும்.