ஒலிவாங்கியின் செவி

எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த பேரறிஞர்கள் முதலில் மனித உடலைத்தான் ஆராய்ந்தார்கள். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனியோர் இயலே வகுத்து, நெஞ்சும் மிடறும் நாவும் பல்லும் இதழும் எவ்வெவ்வாறு தொழிற்பட்டு எழுத்தொலிகளைப் பிறப்பிக்கின்றன என்பதை விளக்கினார். எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது தம் அரபு அகராதியை வழக்கமான அலிஃப், பா வரிசையில் அமைக்கவில்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ‘ஐன்’ என்னும் எழுத்தில் தொடங்கி, உதட்டில் பிறக்கும் எழுத்துகளை நோக்கி அதனை நடத்திச் சென்றார். அந்த எழுத்தே நூலுக்கும் பெயராயிற்று.

இவ்விருவரும் நுணுகி ஆராய்ந்தது ஒலி புறப்படும் இடத்தை. அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி அவர்கள் கவலைகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே பாயில் எதிரெதிரே அமர்ந்திருந்த காலம் அது. மாணவரின் உதட்டசைவை ஆசிரியர் கண்ணாற் கண்டார். மூச்சின் வேகத்தைக் காதாற் கேட்டார்.

இன்று அந்த இருவருக்கும் நடுவே மூன்றாவது செவியொன்று வந்து அமர்ந்திருக்கிறது. அதுவே திறன்பேசியின் ஒலிவாங்கி. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கால் கல்விக்கூடங்கள் அடைபட்டபோது வேறு வழியின்றி இக்கருவியின் துணையை நாடினோம். கூடங்கள் மீண்டும் திறந்துவிட்டன. ஆனால் கடல் கடந்து வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், மாலை வேளைகளில் திறன்பேசி வழியாகவே அரபு எழுத்துகளையும் ஓதும் முறையையும் தொடர்ந்து கற்று வருகின்றனர். அவ்வாறு கற்பிப்போருள் நானும் ஒருவன்.

இவ்வகுப்புகளில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஹஜ்ரத், பிள்ளை ஓதுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்கிறீர்களே, போனில் மைக்கின் சென்சிட்டிவிட்டியை எங்கே கூட்டுவது?” என்பதே அது. கேள்வி எளியது. ஆனால் அதன் உள்ளே ஒரு தவறான எண்ணம் புதைந்திருக்கிறது. செவியின் கூர்மையைக் கூட்டினால் தெளிவு வந்துவிடும் என்பதே அந்த எண்ணம். அது அவ்வாறன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஒலிவாங்கியின் அமைப்பைச் சற்றே காண்போம். திறன்பேசியில் உள்ள ஒலிவாங்கி சில மில்லிமீட்டர் அளவினது. சிலிக்கனில் செதுக்கிய மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் எதிரே துளைகளிட்ட தகடு ஒன்றும் அதனுள் இருக்கின்றன. ஒலியலை சவ்வைத் தள்ளுகையில் இரண்டிற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அம்மாற்றம் மின்னலையாக உருப்பெறுகிறது. 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் 94 டெசிபல் அளவும் உடைய ஒலியை அதன்முன் எழுப்பினால் எவ்வளவு மின்குறி வெளிப்படுகிறது என்று அளப்பர். அந்த அளவிற்கே கூருணர்வு, அதாவது சென்சிட்டிவிட்டி என்று பெயர். இது தொழிற்கூடத்திலேயே முடிவாகிவிடும் ஒன்று. நாம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்தச் சவ்வு முன்னைவிடக் கூர்மை அடைவதில்லை.

அப்படியானால் நாம் கூட்டுவதும் குறைப்பதும் எதனை? சவ்விலிருந்து வந்த மின்னலையை எத்தனை மடங்கு பெருக்குவது என்னும் அளவைத்தான். பெருக்கம் வேறு, தெளிவு வேறு. பிள்ளையின் குரலோடு மின்விசிறியின் ஓசையும் தெருவின் இரைச்சலும் கலந்து வருகின்றன. பெருக்கத்தைக் கூட்டினால் குரல் எவ்வளவு பெருகுமோ இரைச்சலும் அவ்வளவே பெருகும். கல்லும் அரிசியும் கலந்து கிடந்தால், படியைப் பெரிதாக்குவதால் கல் குறைந்துவிடுமா?

குரல் பெருகி இரைச்சல் பெருகாதிருக்க ஒரு வழி உண்டு. அது வாய்க்கும் கருவிக்கும் உள்ள தொலைவைக் குறைப்பது. தொலைவு பாதியானால் நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்த பேசியை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் உயரும். மின்விசிறியோ இருந்த இடத்திலேயே இருப்பதால் அதன் ஓசை பெரிதும் மாறாது. மேசைமேல் கிடந்த பேசியைக் கையில் எடுத்து, வாய்க்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிப்பதனாலேயே கிடைக்கும் பயன் இது. நேர் எதிரே பிடிக்கலாகாது; ‘ஃபா’, ‘பா’ போன்ற எழுத்துகளின் காற்று மோதி வெடிப்பொலி உண்டாகும். சற்றே பக்கவாட்டில் பிடித்தல் நலம்.

கருவியின் அமைப்புகளிலும் செய்யத்தக்கவை சில உண்டு. பெரும்பாலான திறன்பேசிகளில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகப் பெருக்கத்தை மாற்றும் வசதி கிடையாது. ஒலிப்பதிவுச் செயலிகள் சிலவற்றிலும், சில பேசிகளின் காணொளிப் பதிவிலும் மட்டும் அந்த அளவைக் கையால் ஏற்றி இறக்கலாம். மற்ற இடங்களில் கருவி தானே அதைச் செய்துகொள்கிறது. குரல் தாழ்ந்தால் பெருக்கத்தை உயர்த்தும். குரல் உயர்ந்தால் தாழ்த்தும். இதன் விளைவை ஓதக் கேட்போர் உடனே உணர்வர். பிள்ளை ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசை அலைபோல் எழும். மீண்டும் ஓதத் தொடங்கியவுடன் அடங்கும். நிறுத்தம் நிறுத்தமாகவே இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஓர் ஆரவாரம்.

இதனினும் கவனிக்க வேண்டியது இரைச்சல் நீக்கும் ஏற்பாடு. திறன்பேசிகளில் பொதுவாக ஒலிவாங்கிகள் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அடியில் உள்ளது வாயின் அருகே அமைவது; மேலே உள்ளது சுற்றுப்புறத்தை நன்கு கேட்பது. இரண்டையும் ஒப்பிட்டு, குரலல்லாதது என்று தான் கருதுவதைக் கருவி கழித்துவிடுகிறது. கடைத்தெருவில் நின்று பேசுவோர்க்கு இது பேருதவி. எழுத்துகளைக் கற்பிப்போர்க்கோ இதில் ஓர் இடர் உண்டு.

அரபு எழுத்துகளில் பத்தினை ‘ஹம்ஸ்’ என்னும் தன்மை உடையவை என்று வகுத்துள்ளனர். அவற்றை ஒலிக்கும்போது மூச்சு தடையின்றி ஓடும். ஃபா, ஹா, ஷீன், ஸீன், ஸாது, நுனி நாவைப் பல் விளிம்பில் வைத்து மெல்ல ஊதும் ‘ஃதா’ ஆகியவை இவ்வகையின. இவற்றின் உயிரே காற்றின் உராய்வுதான். கருவி ‘இரைச்சல்’ என்று அறிந்து வைத்திருப்பதும் உராய்வொலி போன்றதையே. ஆகவே மெலிந்த ‘ஃதா’வையும் தொண்டையின் நடுவில் பிறக்கும் ‘ஹா’வையும் மின்விசிறியின் கூட்டாளிகள் என்று கருதி அது விலக்கிவிடுவதுண்டு. இதற்கு மேல் தொலைபேசிக் கம்பி கற்றுத் தந்த பழைய குறையொன்றும் இருக்கிறது. பழைய முறைத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்தியது. ‘ஸ’ ஒலியின் வலிமை பெரும்பகுதியும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதனால் அங்கே ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒன்றுபோலவே கேட்கும். இன்றைய அகன்ற அலைவரிசை அழைப்புகள் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகின்றன என்றாலும், இணைப்பு நலியும்போது பழைய குறுகலான ஒலியே திரும்பி வரும்.

அன்றாடப் பேச்சில் இது நமக்குத் தோன்றுவதில்லை. ஓர் எழுத்து விழுந்தாலும் பொருளை வைத்து மனம் அதை நிரப்பிக்கொள்ளும். எழுத்தையே கற்கும் பிள்ளைக்கு அந்த நிரப்புதல் கிடையாது. அங்கே விழுந்த எழுத்து விழுந்ததுதான்.

இதன் கொடுமையை எனக்கு உணர்த்தியவள் வளைகுடா நாடொன்றில் வாழும் பதினொரு வயதுச் சிறுமி. என்னிடம் இரண்டாண்டுகள் ஓதியவள். திறன்பேசி வழியாக நடந்த வாய்மொழித் தேர்வு ஒன்றில், ‘ஸீன்’, ‘ஃதா’ ஆகிய எழுத்துகளை அவள் விட்டுவிடுகிறாள் என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். மறுமுறை ஓதிக் காட்ட இடம் கேட்டோம், தரவில்லை. அன்றிலிருந்து அவள் வாய்விட்டு ஓதுவதை நிறுத்திவிட்டாள் என்று அவளுடைய உம்மா அழுதார். நான் பேசியபோது பிள்ளை கேட்ட கேள்வி இது: “ஹஜ்ரத், என் நாக்குத்தான் தடிப்பா?”

“இல்லையம்மா. நீ அழைப்பில் ஓத வேண்டாம். பேசியிலேயே ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவை அனுப்பி வை” என்றேன். வந்த பதிவில் ஸீன் தன் கூர்மையோடும் ஃதா தன் மென்மையோடும் முழுமையாக இருந்தன. குறை நாவில் இல்லை, வழியில்தான் இருந்தது. தேர்வன்று பேசி குளிர்சாதனத்தின் நேர்கீழே மேசைமேல் கிடந்திருக்கிறது. தடித்த மேலுறை ஒலிவாங்கித் துளையைப் பாதி மூடியிருந்திருக்கிறது. இரைச்சல் நீக்கும் ஏற்பாடோ தன் கடமையைக் கூடுதலாகவே செய்திருக்கிறது.

பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். உறையைக் கழற்றினோம். பேசியின் அடியிலுள்ள துளையை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கச் சொன்னேன். ஊசியால் குத்தலாகாது என்பதையும் வலியுறுத்தினேன். சிம் அட்டைத் தட்டைத் திறக்கும் துளை என்றெண்ணி ஒலிவாங்கித் துளையில் கம்பியை நுழைப்போர் உளர். ஓதும் அரைமணி நேரம் குளிர்சாதனத்தை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஸூம் செயலியின் அமைப்புகளில் இசைக்கலைஞர்களுக்கென ‘மூல ஒலி’யை விடும் வசதி உண்டு, வடிகட்டாத குரலை அது பெரும்பாலும் அப்படியே அனுப்பும். ஐபோன் வைத்திருப்போர் ஃபேஸ்டைம் அழைப்பின்போது ஒலிவாங்கி முறையைத் தேர்ந்துகொள்ளலாம். குரலைத் தனிப்படுத்தும் முறையை விட்டு, எல்லா ஒலியையும் ஏற்கும் விரிந்த முறையை எழுத்துப் பாடத்திற்குக் கொள்ளலாம். ஆனால் ஒன்று: வடிகட்டியை நீக்கிவிட்டால் அறையின் இரைச்சல் முழுவதும் வந்து சேரும். ஆகவே அறை முதலில் அமைதியுற வேண்டும். அதன் பின்னரே வடிகட்டியை நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

சிறுமி தன் பதிவைத் தானே கேட்டாள். அடுத்த மாலை, அழைக்கு முன்பே ஓதத் தொடங்கியிருந்தாள் என்று உம்மா சொன்னார். மதிப்பெண் திரும்பி வரவில்லை. அவள் குரல் திரும்பி வந்தது.

நேரில் பேசும் அழைப்புக்கு ஒரு முறை என்றால், காத்து வைக்கும் பதிவுக்கு மற்றொரு முறை. எங்கள் தெருவில் எண்பது கடந்த மூதாட்டி ஒருவர், தம் உம்மாவிடம் கேட்ட தாலாட்டுகளை நினைவில் வைத்திருந்தார். அவற்றைப் பதிவு செய்ய வந்த பேரன், குரல் மெலிந்திருக்கிறதே என்று செயலியில் பெருக்கத்தை உச்சிக்கு ஏற்றினான். “வாப்பா, பெருக்கத்தை இறக்கு, பேசியை உம்மும்மாவின் அருகே கொண்டு போ” என்றேன். தாலாட்டு தாழ்ந்து செல்லும். ‘ஆராரோ’ என்று இழுக்கும் இடத்தில் திடீரென உயரும். அந்த உயர்வில் அளவு எல்லையைக் கடந்தால் அலையின் உச்சி வெட்டுண்டு குரல் கரகரக்கும். வெட்டுண்ட உச்சியைப் பின்னால் எவராலும் உள்ளபடி மீட்க இயலாது. சற்றே தாழ்ந்து பதிவான குரலையோ, அறை அமைதியாயிருந்தால், பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே பதிவில் அளவுகோலின் உச்சியைத் தொடாமல் இடம் விட்டு வைப்பதே அறிவுடைமை. முதலில் சில நொடிகள் பதிந்து, போட்டுக் கேட்டு, அதன் பின்னரே முழுவதையும் பதிதல் வேண்டும். முதியவர்களிடம் ‘இன்னொரு முறை பாடுங்கள்’ என்று கேட்கும் வாய்ப்பு எப்போதும் கிட்டுவதன்று. அந்த மூதாட்டி இன்று இல்லை. பதிவு இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது.

ஆசிரியப் பணி செய்யும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். திறன்பேசியில் ஒரு பிள்ளையின் எழுத்து பிழையாகக் கேட்டால், உடனே நாவின்மேல் பழி சுமத்தாதீர்கள். பேசியைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். அதே சொல்லை ஒலிப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதன் பின்னும் பிழை நின்றால், அப்போது திருத்துவோம். தேர்வு நடத்துவோர், அழைப்பில் கேட்டது ஐயத்திற்கு இடமானால் பதிவைக் கேட்டு முடிவு செய்வதை விதியாகவே கொள்ளலாம்.

பெற்றோருக்குச் சொல்வதும் இதுவே. கூர்மையைக் கூட்டும் பொத்தானைத் தேடி அலைய வேண்டாம். கருவிக்கு அதன் கூர்மையைத் தொழிற்கூடம் கொடுத்துவிட்டது. நாம் கொடுக்க வேண்டியவை அண்மையும் அமைதியும்.