அப்பாவின் மூளை

அப்பா இறந்த அன்று கண்களைக் கொடுத்துவிட்டோம். டவுணில் இப்போது அது யாருக்கும் வியப்பில்லை. மூளையைப் பற்றிய நினைவே அப்போது எங்களுக்கு வரவில்லை.

கடைசி ஆறாண்டுகள் அவருக்கு மறதியில் கழிந்தன. ரதவீதியில் நின்றுகொண்டே ரதவீதிக்கு வழி கேட்டார்; பிள்ளைகள் எங்கள் இருவரையும் தம் அண்ணன்மார் பெயரால் அழைத்தார். அல்சைமர் என்றனர் மருத்துவர்கள். அதை முற்றிலும் உறுதிசெய்வது, இறந்தபின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் காண்பதுதான் என்று பிறகே படித்தோம்.

பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்கி வருகிறது. (வங்கி என்றதும் சித்தப்பா, "வட்டி உண்டுமா?" என்றார்.) மூளையின் ஒரு பகுதியை ஃபார்மலினில் இடுகிறார்கள்; மறுபகுதியைக் கடுங்குளிரில் உறைய வைக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற மூளையும் வேண்டும். ஆனால் இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நெல்லையிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். ஒப்பமிட்டு வைத்தாலும் உறவினர் இசைவின்றி நடவாது. 1955இல் ஐன்ஸ்டீனின் மூளையை ஹார்வி என்ற மருத்துவர் முன் இசைவின்றி எடுத்துக்கொண்டதை எண்ணினால், இந்தக் கட்டுப்பாடு நல்லதென்றே படுகிறது.

பெங்களூர் எட்டாது என்பதால், எங்கள் உடல்களைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைக்க எண்ணி அம்மாவிடம் சொன்னோம். மூளை வங்கியின் கதையும் வந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்: "ஏல, உங்கப்பா மூளைல கடைசில நான் இருந்தனான்னு அவுக பாத்துச் சொல்லிருவாகளா?"

திசுவில் அதெல்லாம் தெரியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. படிவங்கள் பீரோவில் இருக்கின்றன. உறவினர் ஒப்பமிட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.