எவ்வளவு கொடுத்தார்கள்?

முதுகலை மாணவிகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போவது எங்கள் துறையில் வழக்கம். சென்னையிலிருந்து விடியற்காலையில் பேருந்து புறப்படும். டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் கிங் தெரு, கடைசியில் கோட்டையும் கடலும். உப்பனாறு கடலில் கலக்கும் இந்தச் சிற்றூரில் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் குடியேறியவர்கள், 1845-இல் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் துறைமுகம் படுத்துவிட்டது. இடித்துக் கட்டப் பணமுள்ளவர்கள் வராததால்தான் தெருக்கள் தப்பின என்று எனக்கு ஓர் எண்ணம். இப்போது பழைய வீடுகளைச் சுண்ணாம்பு பூசிக் காக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது.

நான் மாணவிகளுக்குச் சொல்வதும் ஆண்டுதோறும் ஒன்றுதான். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியது, 1707-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது, பிறகு அச்சுக்கூடம். தேர்வில் வரும் என்பதால் குறித்துக்கொள்வார்கள்.

சொல்லாமல் விட்டுவந்த ஒன்று உண்டு. சீகன்பால்கு 1708-இல் தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். நூறுக்கும் மேற்பட்டவை. அவை எப்படிச் சேர்ந்தன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். தன் எழுத்தர்களைப் பல நாள் பயணமாக உள்நாட்டுக்கு அனுப்பி, கைம்பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கச் செய்திருக்கிறார். அதே ஆண்டில் கொன்றைவேந்தனை ஜெர்மனில் பெயர்த்தார். அது ஔவையின் நூல் என்பதை வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். ஏடு விற்ற பெண்களைப் பற்றிய வரியை ஆய்வு மாணவியாக இருந்தபோதே படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

என் அப்பா தமிழாசிரியர். மயிலாப்பூரில் வாடகை வீடு. முன்னறை முழுவதும் அவர் புத்தகங்கள். 2004-இல் அவர் இறந்தபோது நான் விடுதியில் தங்கி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து லஸ் முனை நடைபாதைக் கடையில் நன்னூல் உரை ஒன்றை எடுத்துப் பிரித்தால், முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. பச்சை மை. அறுபது ரூபாய் கொடுத்து வாங்கி, வீட்டுக்குப் போய் அம்மா எதிரில் போட்டேன். "இதோட அருமை தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அம்மா புத்தகத்தை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அண்ணனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அறை வேண்டியிருந்தது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அண்ணனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆண்டு கோட்டைச் சுவரோரம் நிற்கும்போது ஏனோ அந்தக் கைம்பெண்களைப் பற்றிச் சொன்னேன். கிங் தெரு, குயின் தெரு, அட்மிரல் தெரு எல்லாம் நடந்து முடித்திருந்தோம். அவர்கள் நினைவாக எங்கும் ஒரு கல்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பின்னால் நின்ற மாணவி கேட்டாள்: "அவங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க மேடம்?"

இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. எந்தச் சுவடி எந்த நூலகத்தில் இருக்கிறது, எத்தனை ஓலை, எது சிதைந்தது என்று கேட்கத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். விற்ற பணத்தில் அந்தப் பெண் அரிசி வாங்கினாளா, அதை யார் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் பாடத்தில் கிடையாது.

ஊர் திரும்பிய இரவு அம்மாவிடம் கேட்டேன். அவள் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா புக்கையெல்லாம் போட்டியே, எவ்வளவு குடுத்தான்மா?"

யோசிக்கவே இல்லை. "நானூத்தி முப்பது. எடைக்குத்தான் எடுத்தான். உங்கண்ணன் கரண்ட் பில்லுக்குக் கேட்டான், குடுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "நல்லதா ரெண்டு எடுத்து ஒனக்கு வைக்கலாம்னுதான் பாத்தேன். எது நல்லதுன்னு எனக்கு யாருடீ சொல்லிக் குடுத்தா? அவரு இருக்கும்போது அந்த ரூமைப் பெருக்கத்தானே உள்ள போவேன்."