முகவரி கேட்கும் யந்திரங்கள்

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோடிலிருந்து பிரியும் சந்தொன்றின் மாடி அறையை நாங்கள் நாலைந்து பேர் வாசகசாலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2007ல், துறைமுகத்தை அண்டிய ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட எட்டுக் கம்ப்யூட்டர்கள், எடைக்குப் போகவேண்டியவை, அங்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 64 எம்.பி. ராம். விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றினால் ஒரு கடிதம் தட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

எங்களில் மூத்தவர் பள்ளி ஆசிரியர், கவிதை எழுதுபவர். ஹார்ட் டிஸ்க்குகளை முதலில் கழற்றுங்கள் என்றார். 1999ல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் ஸர்வர் திட்டத்தைப் பற்றி எங்கோ படித்திருந்தார். சென்னையில் உமாசங்கர் பொறுப்பிலிருந்த எல்காட் லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் போட்டு ஒரே ஒரு புது யந்திரம் வாங்கினோம். அதுதான் ஸர்வர். பழையது மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் கார்டு வழியே, என் முகவரி என்ன என்று கேட்கும். ஸர்வர் முகவரி தரும், லினக்ஸின் கருவையும் அனுப்பும். (இப்படிக் கேட்கத் தெரியாத மூன்றுக்கு ஃப்ளாப்பியில் ஈதர்பூட் எழுதிச் செருகினோம்.) அப்புறம் கணக்கு, சேமிப்பு எல்லாம் ஸர்வரில். பழையதற்கு வேலை தட்டுவதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வருவதைத் திரையில் காட்டுவதும்தான்.

முத்துக்குளிப்பு மாதிரி என்றார் நண்பர். நான் ஒப்பவில்லை. முத்துக் குளிப்பவன் தன் மூச்சோடு இறங்குகிறவன். கயிறுதான் தோணியில் இருப்பவன் கையில். தவிர, இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்து முடிந்துவிட்டது, உவமை மட்டும் ஓயவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய்வழி மூச்சு வாங்குகிறார்களே, அதைச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார்.

ஜன்னலோர யந்திரம் அவருடையதாகிவிட்டது. காகிதத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். 2010ல் காலமானார். மறுவருஷம் ஸர்வரின் டிஸ்க் செத்தது. நகல் எடுத்துவைக்கும் வேலை என்னுடையது, நான் எடுக்கவில்லை. மூன்று வருஷத்துக் கவிதைகள். அவர் மனைவி டயரிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பால் கணக்கு இருந்தது.

அன்று ஜன்னலோர யந்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். முகவரி கேட்டது. மறுபடி கேட்டது.

ஆரம்பத்தில் கழற்றிய எட்டு டிஸ்க்குகளும் சாக்குப்பையில் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எந்தக் கப்பல் என்று வந்தது, எத்தனை மூட்டை இறங்கியது என்பதெல்லாம் அவற்றில் இருக்கலாம்.