கட்டங்களுக்கு முன்னால்

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் கூட்டமெல்லாம் மிருகக்காட்சிசாலைக்கும் ரவிவர்மாவுக்கும்தான். கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியக் கூடத்துக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஓர் அம்மாவும் கல்லூரி வயது மகளும் உள்ளே வருகிறார்கள். பேச்சில் நாகர்கோவில் பக்கம் தெரிகிறது. மகள் போனைப் பார்த்தபடி முன்னே போக, அம்மா ஒரு படத்தின் முன் நின்றுவிடுகிறார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். வரிவரியாகப் பொடி எழுத்து, மலையாளம் போலவே வளைந்து நெளிகிறது. ஒன்றையும் வாசிக்க முடியாது. நடுநடுவே கணக்குக் குறிகள், கட்டங்கள். படத்தைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி, அவர் விரல் வரியோடு வரியாக நகர்கிறது. கட்டத்துக்கு வந்ததும் நிற்கிறது.

“மக்ளே, இது யாருக்க சாதகம்?”

“சும்மா வரஞ்சதும்மா. வாங்க.”

அம்மா நகரவில்லை.

கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்நின்றவர். இளமையில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் அழகழகாக வரைந்த கை அது. 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியபோது அந்த அழகையெல்லாம் விட்டுவிட்டது. ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்திடம் கேட்பதை அவள் முகமே சொல்லிவிடும். பணிக்கர் முகத்தை நம்பவில்லை. நம் வீட்டுப் பயமும் ஆசையும் ஓலையில், ஜோசியர் நோட்டில், மந்திரத் தகட்டில் குடியிருப்பதை அறிந்தவர் அவர். பொருளை எடுத்துவிட்டாலும் பயம் அந்தக் கோடுகளிலேயே தங்கிவிடுகிறது. அவர் செய்ததிலேயே துணிச்சலானது இதுதான் என்பேன். ‘புரியாத ஓவியம்’ என்று இதைத் தள்ளிவிடுவதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

“ஒங்க ஆச்சிக்க சாதகம் ஓலையில இருந்துது,” என்கிறார் அம்மா. “பெட்டியோட கரையான் தின்னுட்டு. கெட்டு நடக்க முன்ன அவ அழுத அழுகை ஒனக்குத் தெரியாது.”

மகள் போனைப் பைக்குள் போடுகிறாள். “பொறவு எப்பிடிம்மா கெட்டு நடந்துது?”

அம்மா சொல்லத் தொடங்குகிறார். பேசிக்கொண்டே இருவரும் அடுத்த படத்துக்குப் போகிறார்கள். இப்போது முன்னால் போவது அம்மா.