காண்டாமிருகப் புத்தகமும் தோட்டத்துப் பெயர்களும்

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு வந்த சொந்தங்கள் இன்னும் முழுதாகக் கிளம்பவில்லை. முறுக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியான பிறகு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன எங்கள் லயத்து ஆட்களை அடுத்த ஆண்டு கமுந்திங்கில் ஒன்றுகூட்ட வேண்டும். பெயர் பதிய ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றதும் அக்கா மகன் கையைத் தூக்கினான். போலிடெக்னிக்கில் படிக்கிறான். "நான் செஞ்சு தரேன் மாமா." பெரியவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலிலேயே காத்திருந்தான். யாரோ எழுதி வைத்திருந்த மாதிரிப் படிவம் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். அதில் பெயர்க் கட்டத்தின் உச்ச அளவு 20. சோதனைக்கு 'கிருஷ்ணமூர்த்தி த/பெ சுப்பிரமணியம்' என்று ஒட்டிப் பார்த்தால், கட்டத்தில் நின்றது 'கிருஷ்ணமூர்த்தி த/பெ' மட்டும். தகப்பன் பெயர் மொத்தமாகப் போய்விட்டது. "இருபது எழுத்து குடுத்திருக்கு மாமா. இதுல பதினொண்ணுதான் வந்திருக்கு, அதுக்குள்ள வெட்டிருச்சு!"

இணையத்தில் தேடினான். அளவை 50 ஆக்கு என்று யாரோ பதில் எழுதியிருந்தார்கள். ஆக்கினான், முழுப் பெயரும் கட்டத்தில் அடங்கியது. அனுப்பு பொத்தானை அழுத்தியதும், பெயர் 50 எழுத்தைத் தாண்டுகிறது என்று சர்வர் பக்கத்து பிஎச்பி நிரல் திருப்பி அனுப்பிவிட்டது. அங்கும் ஓர் எண்ணை மாற்றினால் வேலை நடக்கும் என்றான். எந்த எண்ணாக மாற்றுவது, ஏன் அந்த எண் என்று கேட்டேன். பதில் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தைப்பிங் பக்கத்து மழை கேட்க வேண்டுமா? மதியமே இடி. மோடத்தின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து டேவிட் பிளானகனின் 'ஜாவாஸ்கிரிப்ட்: தி டெபினிட்டிவ் கைடு' நூலை எடுத்துக் கொடுத்தேன். 2011இல் வந்த ஆறாம் பதிப்பு. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். நான்கு பகுதிகளில் முதலிரண்டு மொழியையும் உலாவியையும் விளக்குகின்றன. பின்னிரண்டு எடுத்துப் புரட்டிப் பார்ப்பதற்கான அகரவரிசைக் கையேடு. அட்டையில் ஜாவா காண்டாமிருகம். மலாயாத் தீபகற்பத்தின் கடைசி ஜாவா காண்டாமிருகம் 1932இல் நம் பேராக்கில்தான் சுடப்பட்டது என்று சொன்னதும் பையன் அட்டையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில் சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களைப் பற்றிய பகுதியில் எங்களுக்கு வேண்டிய விதி இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணுவதில்லை. 16 பிட் அலகுகளை எண்ணுகிறது. யூனிகோடில் 'கி' என்பது ககரம் ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு அலகு. புள்ளிக்கும் தனி இடம் உண்டு. தாளை எடுத்து இருவரும் எண்ணினோம். 'கிருஷ்ணமூர்த்தி' கண்ணுக்கு எட்டெழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 15. முழுப் பெயர் இடைவெளிகளோடு சேர்த்துக் கண்ணுக்கு 21, ஜாவாஸ்கிரிப்டுக்கு 34. படிவக் கட்டமும் இதே கணக்குத்தான் வைத்திருக்கிறது. இருபதாம் அலகு 'பெ'யின் கொம்போடு முடிகிறது. தகப்பன் பெயர் விழுந்தது அதனால்தான்.

மழை விட்டதும் பிஎச்பியின் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்தோம். நீளம் அளக்கும் 'எஸ்டிஆர்லென்' பைட்டுகளையே எண்ணும் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக, அதே பெயர் அங்கே 96. ஒரே மனிதர், மூன்று நீளம்: 21, 34, 96. மூன்றும் சரியான எண்கள்தான். எதை எண்ணுகிறோம் என்று தெரிந்தவனுக்கு மூன்றும் பயன்படும்.

நவம்பர் 16, சனி

அம்மா பால்மரம் வெட்டியவர். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும் என்று கங்காணி சொன்னதைத்தான் முதலில் செய்தார். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன, இப்படிச் சரித்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்று பின்னால் ஒருவர் விளக்கினாராம். அதற்குப் பிறகு எந்த மரத்தின் முன் நிறுத்தினாலும் யாரையும் கேட்காமல் வெட்டியதாகச் சொல்வார். நல்ல நூல் நிரல் எழுதுகிறவனுக்குத் தருவதும் இந்தத் துணிவுதான். நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே தேடல் பதில் தரும். நமக்குக் கேட்கவே தோன்றாத கேள்வி அடுத்த பக்கத்தில் இருக்கும். சர நீளத்தைத் தேடிப் போனவன் சரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கொக்கியும் கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிந்துபோகும் என்பதையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டான்.

இந்த யூனிகோட் வசதியும் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் வெறும் கிறுக்கல். முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனைப் போன்றவர்கள் பல ஆண்டு உழைத்தார்கள். 1999இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியேற்றங்கள் வந்தன; 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். தன் பெயரைத் திரையில் தமிழில் தட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

நவம்பர் 24, ஞாயிறு

பதிவுப் பக்கம் இன்று மாலை நிறைவாக ஓடியது. தரவுத்தளத்தில் பெயருக்கு 150 குறிகள். பிஎச்பியில் பைட் எண்ணுவதை விட்டுவிட்டு, குறிகளை எண்ணும் 'எம்பி_எஸ்டிஆர்லென்'. ஏன் இப்படி என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். கையெழுத்துக் கோணல்தான்; விளக்கம் நேராக இருக்கிறது.

அச்சு நூலுக்கு வயதாகும். 2015இல் மொழியில் வந்த பெரிய மாற்றங்கள் எங்கள் பிரதியில் இல்லை. 2020இல் வந்த ஏழாம் பதிப்பு அவற்றைச் சேர்த்திருக்கிறது. கையேட்டுப் பகுதிகளை எடுத்துவிட்டது. அந்த வேலையை இப்போது மொசில்லாவின் எம்டிஎன் இலவசமாகச் செய்கிறது. தமிழில் தொடங்க நினைப்பவர்களுக்குக் கணியம் தளத்தில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் எச்டிஎம்எல்' போன்ற மின்னூல்கள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் கணினி கற்கும் நம் பிள்ளைக்கு முதல் படியைத் தாய்மொழியில் ஏறுவது பெரிய பலம்.

எந்த நூலாக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்து வாங்கலாம். விதியைக் காரணத்தோடு சொல்கிறதா? பின்பக்கச் சொல்லடைவில் வேண்டியது கிடைக்கிறதா? எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தெளிவாக இருக்கிறதா? பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழிக்கும் குடும்பம் இதற்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஊர் நூலகத்திலும் கேட்டு வாங்க வைக்க வேண்டும். நாம் எழுதும் நிரலில் மற்றவர்கள் தங்கள் பெயரை, தகப்பன் பெயரை நம்பி ஒப்படைக்கிறார்கள். அது எப்படி இயங்குகிறது என்று அவர்களுக்கு விளக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்வது நம் கடமை.