கயிற்றை அசைக்கத் தயங்காதீர்

கடவுள்மேல் நம்பிக்கை உள்ளவன் நோய்க்கு அஞ்சலாமா என்று கேட்போர் உண்டு. அஞ்சலாம் என்பதே நம் இல்லத்தின் அனுபவம். அஞ்சியதை மறைப்பதுதான் தீது.

2023ஆம் ஆண்டு சூலைத் தொடக்கத்தில் நம் அன்னையார் முற்றத்து ஈரத்தில் வழுக்கி விழுந்தார்கள். வயது எழுபத்திரண்டு, நெடுநாளாகச் சர்க்கரை நோயும் உண்டு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. இவ்வயதில் அது கூடுவது அரிது, இடுப்பு மூட்டையே மாற்றிவிடுவது நல்லது என்றார் மருத்துவர். அறுவைக்கு முந்திய மாலையில் பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் அளித்தார். எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் அன்னையாரின் முகம் வாடிற்று. "இது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று அம்மா, பெரிய அறுவைக்குச் செல்வோருக்கும் உரிய அருள்சாதனம்" என்று தந்தை விளக்கிய பிறகே தெளிந்தார்கள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாளே வாக்கரைப் பிடித்து நின்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் நம்மை அழைத்து, அஞ்ச வேண்டியவை எவையெனச் சொன்னார். குறைந்துவந்த வலி மீண்டும் ஏறுவது, காயத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகக் காயத்திலிருந்து கசிவு. நூறு பேரில் ஓரிருவருக்கே இவ்வாறு கிருமி பற்றும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். அன்றுமுதல் நமக்கு உறக்கம் போயிற்று. காலையும் மாலையும் வெப்பமானியை வைத்துப் பார்ப்போம், "காயம் எப்படி?" என்று கேட்போம். "ஒன்றுமில்லை" என்பதே எப்போதும் விடை.

அவ்வாண்டு நம் மறைமாவட்டத்தின் நூற்றாண்டு. 2013க்குப் பின் பனிமய மாதாவின் தங்கத்தேர் ஆகஸ்டு 5 அன்று மீண்டும் பவனி வர இருந்தது. சூலை 26இல் கொடியேறிற்று. அதே நாளில் அன்னையாருக்குத் தையல் பிரித்தார்கள். தெருவோரத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து தேரைக் காண வேண்டும். அடுத்த தேருக்கு நாம் இருப்போமோ என்பதே அவர்களின் பேச்சாயிருந்தது.

ஆகஸ்டு 2 அன்று துணி துவைக்க எடுத்த தங்கை, பாவாடையின் பக்கவாட்டில் மஞ்சள் நிற ஈரக்கறையைக் கண்டாள். அன்னையாரிடம் கேட்டோம். சற்று நேரம் பேசவில்லை.

"முந்தாநாளே லேசா கசிஞ்சது எய்யா. சொன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவாக. மாதா தேரு போகட்டும், பொறவு சொல்லுவோம்னு இருந்தேன்."

நாமும் அன்று ஒரு தவறு செய்ய இருந்தோம். உறவினர் ஒருவர் தமக்கு எப்போதோ எழுதிக் கொடுத்ததில் மீந்த மாத்திரைகளை அன்போடு கொண்டுவந்தார். "இதைப் போட்டால் கசிவு நின்றுவிடும், திருநாள் முடிந்ததும் போய்க்கொள்ளலாம்" என்றார். மாத்திரையும் தண்ணீரும் கையிலிருக்கும்போதே, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். "ஒரு மாத்திரையும் கொடுக்காதீர்கள். உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றார்.

காரணத்தைப் பின்னர் விளக்கினார். எந்தக் கிருமி என்பதைக் கசிவையும் திசுவையும் எடுத்து வளர்த்துப் பார்த்தே கண்டறிய வேண்டும். அதற்குமுன் மாத்திரை கொடுத்தால் கிருமி ஒடுங்கிக்கொள்ளும், சோதனையில் தென்படாது; ஆனால் உள்ளே சாகாது. மேலும், உலோக மூட்டில் இரத்த ஓட்டமில்லை. தோணியின் அடியில் பாசி படர்வதுபோல் கிருமிகள் அதன்மேல் ஒட்டிப் படலம் போர்த்துக்கொள்ளும். படலம் முற்றிவிட்டால் மருந்து அதை ஊடுருவுவது கடினம். மூட்டையே எடுத்துவிட்டு வேறு பொருத்த நேரிடலாம். முதற்சில வாரங்களுக்குள் கண்டுகொண்டால், திறந்து கழுவி, பிளாஸ்டிக் கிண்ணப் பகுதியை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. நாள் ஒவ்வொன்றும் கணக்கில் வருவது அதனால்தான்.

மறுநாளே அவ்வாறு செய்தார்கள். வெளியே அமர்ந்திருந்த நமக்குத் துயரத்தைவிடச் சினமே மிகுந்தது. யார் கை சுத்தமாயில்லை, எந்தக் கருவி கொதிக்கவில்லை என்று மனம் குற்றவாளியைத் தேடிற்று. இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வழிவகுத்த இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லியும் இக்கவலையோடு போராடியவரே என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். 1962இல் புதிய மூட்டைப் பொருத்தத் தொடங்கிய காலத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிற்குக் கிருமி பற்றியது. அவர் யாரையும் பழித்துக்கொண்டிராமல் அறுவை அறையின் காற்றை வடிகட்டினார். மருத்துவரின் மூச்சுக்காற்றும் காயத்தில் படாதவாறு தனி அங்கி அமைத்தார். ஆண்டுகள் பல உழைத்து அவ்வெண்ணிக்கையை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் பூச்சியமாக்க அவராலும் இயலவில்லை. நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமிகள் எத்தனை கவனத்தையும் மீறி நுழைவதுண்டு. இதை அறிந்தபின் நம் சினம் தணிந்தது.

ஆகஸ்டு 5 அன்று அன்னையார் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார்கள். தேர் நகர்வதைத் தங்கை கைப்பேசியில் காட்டினாள். அன்னையார் செபமாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்கள். நமக்குச் சொல்வதற்கு ஆறுதல் இல்லை.

சில நாள் கழித்துத் தாமாகவே பேசினார்கள். அன்னையாரின் தந்தை முத்துக் குளித்தவர். 1961க்குப் பின் நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அக்கதைகள் இன்னும் நம் வீடுகளில் உண்டு. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குச் செல்வார். மேலே தோணியில் மைத்துனர் கயிற்றைப் பிடித்திருப்பார். தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க விடமாட்டான் என்பதால் மைத்துனன் கையில் கயிறு. "மூச்சு முட்டுனா அப்பா கயித்த அசைப்பாக, மாமா இழுப்பாக. அசைக்காம இருந்தா மேல இருக்கவனுக்கு எப்படித் தெரியும்? நான் அசைக்காம இருந்துட்டேன்யா" என்றார்கள்.

கிருமி இன்னதென்று தெரிந்து, அதற்குரிய மருந்தை முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் மாதக்கணக்கில் எடுத்தார்கள். மூட்டு தங்கிற்று. கைத்தடியோடு ஞாயிறு திருப்பலிக்குச் செல்கிறார்கள். பாதத்திலோ பல்லிலோ புண் வந்தாலும், சிறுநீரில் எரிச்சல் கண்டாலும் உடனே சொல்கிறார்கள். ஆண்டுகள் கழிந்தும் அங்கிருந்து கிருமி இரத்தத்தின் வழியே மூட்டை அடையலாம் அல்லவா?

நம் குடும்பங்களில் முதியோர் வலியை மறைப்பது பிள்ளைகளுக்குப் பாரமாகக்கூடாதே என்ற அன்பினால். அதை வெறும் பொறுமை என்று நாம் பாராட்டிவிடக்கூடாது. மருத்துவரும் ஆண்டவரின் படைப்பே, அவரை மதித்து இடம் கொடு என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபிக்கவும் சொல்கிறது, மருத்துவரை விட்டுவிடாதே என்றும் சொல்கிறது. பிள்ளைகளாகிய நாமும் "ஒன்றுமில்லை" என்ற விடையோடு நிறைவடையாமல், அருகே அமர்ந்து காயத்தைக் கண்ணால் பார்த்தறிவோம்.

இரவெல்லாம் ஆண்டவரோடு போராடிய யாக்கோபு, விடிந்தபோது இடுப்பு நொண்டியபடி நடந்தார். ஆசியும் பெற்றிருந்தார். கைத்தடியை ஊன்றிக் கோயில் படியேறும் அன்னையாரைக் காணும்போதெல்லாம் அது நம் நினைவுக்கு வருகிறது.